பதிவு நிலுவையில் இருந்தால் பறவை பொய்யாகிவிடாது

கேள்வி: ஜூலையில் பலத்த காற்றடித்த மறுநாள் தனுஷ்கோடியில், மேலே கருப்பும் கீழே வெள்ளையுமான ஆலா வகைக் கடற்பறவை ஒன்றைப் படமெடுத்தேன். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் ‘சூட்டி டெர்ன்’ என்ற ஆலாவாகப் பதிந்தேன், இன்னும் ஏற்கப்படவில்லை. ஒருவர் அசல் படத்தையும் பணத்தையும் கொடுத்தால் அரிய பறவைப் பட்டியலில் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பதிவை ஏற்றுவதற்குக் கட்டணமே கிடையாது. சரிபார்ப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அசல் படம் கைமாறினால் நாளை வேறு பெயரில், வேறு ஊரில் அது உலா வரும். “அரிய பறவை நிச்சயம்” என்று படகுக்கு ஆள் பிடிப்பவர்களும் இதே ரகம்தான். பருவக்காற்றில் ஒதுங்கும் பறவைக்கு யார் உத்தரவாதம் தர முடியும்?

நிலுவை என்றால் நிராகரிப்பு அல்ல. உங்கள் சொந்தப் பட்டியலில் பறவை இருக்கும். பொதுப் பட்டியலில்தான் வராது. சரிபார்ப்பவர்கள் குறைவு, புரிகிறது. ஆனாலும் என்ன சந்தேகம் என்று அவர்கள் ஒரு வரி எழுதினால் பாதிப் பேர் இப்படி இடைத்தரகரிடம் போக மாட்டார்கள்.

சந்தேகம் அநேகமாக, சூட்டியைப் போலவே தோன்றும் இன்னொரு ஆலாவான பிரைடில்டு டெர்ன் பற்றியது. நம் கடலில் பருவக்காற்றுக் காலத்தில் அதுவும் வரும். முதுகு நிறத்தை நம்பாதீர்கள்; படத்தைச் சற்று வெளிச்சமாக்கினாலே கருப்பு பழுப்பாகிவிடும். நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சூட்டியில் வெள்ளை அகலமாக இருக்கும், கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டில் ஒல்லியான வெள்ளைக் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் ஓடும்.

ஒரு விதிவிலக்கு, இளம் பறவை. சூட்டியின் குஞ்சு வளர்ந்து பறக்கும்போது நெற்றியில் வெள்ளை இருக்காது. தலை, மார்பு எல்லாம் கரிப்பழுப்பு. முதுகில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். நெற்றி வெள்ளையைத் தேடி ஏமாந்து, இதை வேறு ஏதோ பறவை என்று விட்டுவிடுகிறார்கள். மார்பும் கருத்து, முதுகில் புள்ளியும் இருந்தால் பிரைடில்டு பற்றிக் கவலையே வேண்டாம். நீங்கள் சொல்வது கீழே வெள்ளையான பறவை, ஆகவே உங்களுக்கு நெற்றிதான் கணக்கு.

கேமராவிலிருந்து எடுத்த, திருத்தாத படத்தை நீங்களே ஏற்றுங்கள். வாட்ஸப்பில் சுற்றி வந்த படம் உதவாது. காற்று எந்தப் பக்கம், பறவை எவ்வளவு தூரம், நெற்றி எப்படி என்று நாலு வரி குறிப்பும் சேருங்கள். நெற்றி தெளிவாக விழவில்லையா? சூட்டி அல்லது பிரைடில்டு என்று இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதி உண்டு, அதற்கு மாற்றிவிடுங்கள்.