கணினி கேள்வி–பதில்: பாஸ்வேர்டை எங்கே பூட்டுவது?

கேள்வி: பைத்தானில் ஒரு மொத்தக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதினேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கோடுக்குள்ளேயே இருந்ததைக் கிட்ஹப்பில் (கோடைச் சேமித்துப் பகிரும் தளம்) ஏற்றிய பிறகுதான் கவனித்தேன். அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றிவிட்டேன். போதும்தானே?
– வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது. நீங்கள் அழித்தது இன்றைய பிரதியில் மட்டும்தான். பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், அந்த வரி அப்படியே கிடக்கிறது; யார் குளோன் செய்தாலும் (முழுப் பிரதி எடுத்தாலும்) பார்க்கலாம். யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போ (கோடு சேமிப்பிடம்) என்றால் கேட்கவே வேண்டாம், சாவிகளைத் தேடி அலைவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இருக்கின்றன. முதல் வேலையாக டேட்டாபேஸில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கமிட் வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். செய்தாலும், ஏற்கெனவே பிரதி எடுத்தவர்களிடம் இருப்பது போகாது. புதிய பாஸ்வேர்டை எங்கே வைப்பது என்பதற்கு அடுத்த பதிலையும் படியுங்கள்.

கேள்வி: அஜூர் கீ வால்ட்டில் (மைக்ரோசாஃப்ட் கிளவுடில் உள்ள ரகசியப் பெட்டகம்) பாஸ்வேர்டுகளைப் போட்டு, பைத்தான் மூலம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வால்ட்டை உருவாக்கியதே நான்தான். ஆனால் அதில் எழுதப் போனால் எனக்கே 403 (அனுமதி இல்லை) பிழை வருகிறது. ஏன்?
– வாசகி, இலந்தைக்குளம்

பதில்: வால்ட்டை நிர்வகிக்கும் உரிமை வேறு, உள்ளே இருப்பதைத் தொடும் உரிமை வேறு. ஆர்பேக் முறையில் (அவரவர் ரோலுக்கு ஏற்ப அனுமதி தரும் முறை) இயங்கும் வால்ட்டில், ஓனராகவே இருந்தாலும் தனியாக ஒரு ரோல் வாங்காமல் ரகசியத்தைப் படிக்கவோ எழுதவோ முடியாது. எழுத வேண்டிய உங்களுக்கு 'கீ வால்ட் சீக்ரெட்ஸ் ஆபீசர்'. படித்தால் மட்டும் போதும் என்கிற செயலிக்கு 'கீ வால்ட் சீக்ரெட்ஸ் யூசர்'. ஓனர் இதைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளலாம்; வெறும் கான்ட்ரிபியூட்டரால் (நிர்வகிக்கலாம், ரோல் கொடுக்க முடியாதவர்) முடியாது, மேலே இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். ரோல் கொடுத்த கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி 403 என்று பதறாதீர்கள். அது பரவச் சில நிமிடங்கள் ஆகும்.

கோடு பக்கம் வேலை குறைவு. பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் 'அஜூர்-ஐடென்டிட்டி', 'அஜூர்-கீவால்ட்-சீக்ரெட்ஸ்' என்ற இரண்டு பேக்கேஜ்களை நிறுவுங்கள். 'டிஃபால்ட் அஜூர் கிரெடென்ஷியல்' (செயலி தன்னை யாரென்று காட்டும் அடையாளச் சான்று) ஒன்றை உருவாக்கி, அதையும் வால்ட்டின் முகவரியையும் 'சீக்ரெட் கிளையன்ட்'டிடம் கொடுங்கள். பிறகு 'செட் சீக்ரெட்' எழுதும், 'கெட் சீக்ரெட்' படிக்கும். படித்ததில் 'வேல்யூ' என்ற பண்புக்குள்தான் பாஸ்வேர்டு இருக்கும். முழு ஆப்ஜெக்டையும் டேட்டாபேஸ் இணைப்புக்குக் கொடுத்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. சீக்ரெட்டின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டுமே செல்லும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டுக்கு வழக்கமாக இடுகிற அண்டர்ஸ்கோர் பெயர் இங்கே எடுபடாது. மதிப்பு 25 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது அந்தக் கிரெடென்ஷியலைத்தான். வால்ட்டைத் திறப்பதற்கென்று ஒரு கிளையன்ட் சீக்ரெட்டை (செயலிக்கான பாஸ்வேர்டு) வாங்கி அதைக் கோடில் எழுதினால், பீரோவைப் பூட்டிச் சாவியைப் பீரோ மேலேயே வைத்த மாதிரி. செயலி அஜூரிலேயே ஓடுகிறது என்றால் மேனேஜ்டு ஐடென்டிட்டியை (அஜூரே செயலிக்குக் கொடுத்துப் பராமரிக்கும் அடையாளம்) இயக்கி, படிக்கும் ரோலை அதற்குக் கொடுங்கள், பாஸ்வேர்டே தேவைப்படாது. உங்கள் லேப்டாப்பில் அஜூர் சிஎல்ஐ (கட்டளை வரிக் கருவி) மூலம் ஒருமுறை லாகின் செய்திருந்தால் அதே கோடு மாறாமல் ஓடும். ஆனால் லேப்டாப்பின் என்விரான்மென்ட் வேரியபிள்களில் (நிரல்கள் படிக்கும் கணினி அமைப்பு மதிப்புகள்) பழைய கிளையன்ட் ஐடியும் சீக்ரெட்டும் மிச்சம் இருந்தால், கிரெடென்ஷியல் முதலில் அவற்றைத்தான் பிடிக்கும். சிஎல்ஐயில் சரியாக லாகின் ஆகியும் பிழை வருகிறதென்றால் அங்கே தேடுங்கள்.

ரகசியத்தை முதன்முதலில் ஏற்றும் ஸ்கிரிப்ட்டிலும் மதிப்பை நேராக எழுதாதீர்கள். 'கெட்பாஸ்' மூலம் கேட்டு வாங்கினால் திரையிலும் தெரியாது, கோப்பிலும் தங்காது.

கேள்வி: மாசி வீதிக் கடை ஒன்றின் கவுன்ட்டர் கணினியிலிருந்து நேராக வால்ட்டைப் படிக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். கடைக் கணினிக்கு மேனேஜ்டு ஐடென்டிட்டி தானாக வராது. சான்றிதழோ சீக்ரெட்டோ அங்கே வைத்தாக வேண்டும். கவுன்ட்டரில் யார் யாரோ உட்காருவார்கள். டேட்டாபேஸோடு பேசும் வேலையை அஜூரில் ஒரு ஏபிஐயிடம் (நிரல்கள் கேட்டுப் பெறும் இடைநிலைச் சேவை) விட்டுவிட்டு, கவுன்ட்டர் அந்த ஏபிஐக்கு லாகின் செய்யட்டும்.

கேள்வி: ஒரு சீக்ரெட்டைக் கோடு மூலம் அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் 409 (முரண்) பிழை வருகிறது. பட்டியலிலோ அந்தப் பெயரே இல்லை!
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: அது இன்னும் முழுதாகப் போகவில்லை. சாஃப்ட் டெலீட் என்பதால் 7 முதல் 90 நாள் வரை வால்ட்டுக்குள்ளேயே மறைவாக இருக்கும். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் 90. அதுவரை அந்தப் பெயரில் வேறொன்றை உருவாக்க முடியாது. மீட்டெடுத்து, அதன் மேல் 'செட் சீக்ரெட்' கொடுத்தால் புதிய வெர்ஷனாக அமர்ந்துவிடும். இல்லையென்றால் பர்ஜ் (நிரந்தரமாக அழிப்பது) செய்யலாம். அதற்குத் தனி அனுமதி வேண்டும், பர்ஜைத் தடுக்கும் பர்ஜ் புரொடெக்‌ஷன் போட்டிருந்தால் அதுவும் நடக்காது. இன்னொன்று: பைத்தானில் அழிக்கும் மெத்தட் 'பிகின்' என்று தொடங்கும். வேலையைத் தொடங்கிவைத்து ஒரு போலரை (வேலை முடிந்ததா என்று பார்த்துச் சொல்லும் ஆப்ஜெக்ட்) தரும், அவ்வளவுதான். அதன் 'வெயிட்'டை அழைத்து, முடிந்த பிறகே பர்ஜோ மீட்போ செய்யுங்கள். மதிப்பை மாற்றுவதற்காகத்தான் அழித்தீர்கள் என்றால், அழிக்கவே தேவையில்லை.

கேள்வி: ஒவ்வொரு பில்லுக்கும் வால்ட்டைப் படித்தால் என்ன கெடும்? பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்கிறார்களே?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: ஒவ்வொரு பில்லும் தாமதமாகும்; அழைப்புகள் அளவு மீறினால் வால்ட் 429 (அழைப்புகள் அதிகம்) என்று திருப்பி அனுப்பும். செயலி தொடங்கும்போது ஒருமுறை படித்து நினைவகத்தில் வையுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஏற்காதபோது மட்டும் இன்னொரு முறை படித்து முயலட்டும். மாற்றும்போது ஒன்று: வால்ட்டில் புது மதிப்பை எழுதினால் டேட்டாபேஸில் தானாக மாறாது. இரண்டையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும், இடைப்பட்ட நொடிகளில் பில்லிங் திணறும். அதைத் தவிர்க்க டேட்டாபேஸில் இரண்டு பயனர்களை வைத்து, எது பயன்பாட்டில் இல்லையோ அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் ஒரே சீக்ரெட்டாக, ஜேசன் வடிவில் வால்ட்டில் எழுதுங்கள். பழைய பாஸ்வேர்டு இன்னும் செல்லும் என்பதால் செயலிகள் தாமாக மறுபடி படிக்காது; அவற்றை மறுதொடக்கம் செய்து, பழைய பயனரை விட்டுவிட்டன என்று டேட்டாபேஸ் இணைப்புப் பட்டியலில் பார்த்த பிறகு அதை முடக்கலாம்.