அப்பா, புல், கிட்டங்கி

கேள்வி: அன்புள்ள ஐயா, கொரியத் தொடர்களில் அப்பா, நாள், புல் எல்லாம் நம் தமிழாகவே கேட்கின்றன. கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உண்மையா? மலாய் நண்பன் கேலி செய்கிறான்.
– வாசகர், ஈசூன்

பதில்: அன்புள்ள தம்பி,

இதைப் பற்றி நானே எழுத இருந்தேன், உங்கள் கடிதம் முந்திக்கொண்டது.

பிறக்கவில்லை. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே புத்தகம் போட்டார். அறிஞர்கள் ஏற்கவில்லை. அப்பா, அம்மா கணக்கிலேயே சேராது. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் அவை. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன்! சொந்தம் என்றால் ஒலிகள் வரிசையாக ஒத்துவர வேண்டும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, நீங்கள் சொன்ன புல்லும் ஹுல்லு. கொரியத்தில் இப்படி ஒரு வரிசை காட்டுங்கள், பேசுவோம்.

கேலியை விடுங்கள். கொரியாவரை போன நீங்கள், அந்த நண்பன் பேசும் மலாயை ஏன் எட்டிப் பார்க்கவில்லை? கோபமாகவே கேட்கிறேன். அவன் சொல்லும் ‘கெடாய்’ நம் கடை. ‘மோடால்’ நம் முதல், வியாபாரத்தில் போடும் பணம். ‘குடாங்’ நம் கிடங்கு.

என் பெரியப்பா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித்தொழில் நடந்த கூடத்தில், கணக்கு எழுதினார். சின்ன வயதில் போயிருக்கிறேன். சுவரோரம் வரிசையாகப் பெட்டகங்கள். கைப்பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் சப்பணமிட்டிருப்பார். சீனக் கடைக்காரர் வந்து எதிரில் குந்துவார். பேச்சு முழுக்கச் சந்தை மலாய். ‘மோடால்’ போதவில்லை என்பார் அவர். பெரியப்பா பேரேட்டில் ‘முதல்’ என்று எழுதுவார். ஒரே சொல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தது, தம்பி! தமிழ் மலாய்க்குத் தாயாக இருந்ததால் வந்ததல்ல அது. கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்தது. கொடுக்கல் வாங்கலும் பெருமைதான். தாய் என்று சொல்லிக்கொண்டால்தான் பெருமையா?

அதற்காக ‘தாலி’யைப் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். மலாயில் அது கயிறு. மலாய் சேர்ந்த ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல், நம் தாலிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். நண்பனின் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுச் சாமான்களின் பெயர்களைக் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.