சட்டை போட்ட மீன்கள்

அன்புள்ள அக்கா,

கோண்டாவிலில் ஒரு அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். பகல் முழுக்கக் கலியாணக் காட், செத்தவீட்டுக் கல்வெட்டு, பனர். இரவில் எனக்காக வரைகிறேன். இப்போது மீன்களுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். "இதாலை என்ன வருமானம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். தொடரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

தொடருங்கள். வருமானத்தைக் கேட்டால், என் விளையாட்டு வேலைகள் எனக்கு ஐந்து சதமும் தந்ததில்லை. அதை வீட்டில் மறைக்க வேண்டாம்.

நானும் அச்சகத்தில் எட்டு வருசம் அதே மயிலையும் குத்துவிளக்கையும் கலியாணக் காட்டில் வைத்து என் கை மரத்துப்போயிருந்தது. அப்போதுதான் சுன்னாகத்தில் மூடிக்கிடந்த ஓர் ஆலையின் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அதில் இருந்தது பழைய 'லை', யானைத் தும்பிக்கை மாதிரி வளைவது. 1978இல் தமிழ்நாட்டு அரசு ணை, லை, றா முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. இன்று கணினியில் நாம் தட்டுவது அந்தப் புது வடிவம். பலகை எழுதியவரின் தூரிகை வளைவில் ஏறும்போது மெலிந்து, இறங்கும்போது தடித்திருந்தது. அடியில் ஒரு சொட்டு எனாமல் வழிந்து அப்படியே காய்ந்திருந்தது.

அன்றிரவே வரைய உட்கார்ந்தேன். தும்பிக்கையைப் பெருப்பித்தால் 'ல' நசுங்கியது, சிறுப்பித்தால் வால் மாதிரித் தொங்கியது. ஒரு கொப்பி முடிந்தது. பிறகு அதை ஓர் எழுத்துருவில் ஏற்றினேன். கணினி எழுத்தை அடையாளம் காணும் யூனிகோட் குறியீடு மாறாது. 'லை' என்று தட்டினால் திரையில் மட்டும் பழைய வடிவம் வரும்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாங்கள் பள்ளிக்கூடத்திலை இப்படித்தானே எழுதினது" என்று மேசையில் விரலால் எழுதினா. நான் 'ல'விலிருந்து தொடங்கியிருந்தேன், அவ தும்பிக்கையிலிருந்து தொடங்கினா. முழுவதையும் திரும்ப வரைந்தேன். அந்தக் கிழமை அச்சகத்தில் செய்த கலியாணக் காட்டில் மயில் இல்லை, பெயர்களை மட்டும் கையால் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவருக்கும் பிடித்துப்போனது.

ஒன்று மட்டும் சொல்கிறேன்: அளவு வையுங்கள். 12 மீன், அதோடு சரி. எல்லை இல்லாவிட்டால் இதுவும் முடியாத வேலையாகிவிடும். அப்புறம், இணையத்தில் படம் தேட வேண்டாம். ஒரு விடியக்காலை பாசையூர்ச் சந்தைக்குப் போய் விளைமீன், பாரை, சூடை, ஓரா எல்லாவற்றையும் கிட்ட நின்று பாருங்கள். ஓராவுக்கு முதுகெல்லாம் முள். அதற்குச் சட்டையை எந்தப் பக்கத்தால் போடுவீர்கள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. வரைந்ததும் அனுப்புங்கள்.