ஹரிகேன், டைஃபூன், சைக்ளோன்: புயல் பெயர்கள் பற்றி நீங்கள் கேட்டவை

ஹரிகேன், டைஃபூன், சைக்ளோன் மூன்றில் எது பலமானது?

மூன்றும் ஒன்றுதான். வெதுவெதுப்பான கடலில் உருவாகி, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் அதே புயல். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் அதை ஹரிகேன் என்கிறார்கள், வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன், இந்தியப் பெருங்கடலிலும் தென்பசிபிக்கிலும் சைக்ளோன். முதல் இரண்டு பெயர்களுக்கும் காற்று மணிக்கு சுமார் 119 கி.மீ. வேகத்தைத் தொட வேண்டும். 1994இல் ஜான் என்ற புயல் பசிபிக்கில் ஒரு மாதம் அலைந்தது. ஹரிகேனாகப் பிறந்து, சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதும் டைஃபூன் ஆகி, திரும்பி வந்தபோது மறுபடியும் ஹரிகேன் ஆனது. புயல் அதேதான், மாறியது அது நின்ற கடற்பகுதி.

அமெரிக்காவிலும் 'வகை 3', ஆஸ்திரேலியாவிலும் 'வகை 3' என்று செய்தி வருகிறது. இரண்டும் ஒரே பலமா?

இல்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் ஹரிகேன் ஆன பிறகுதான் எண்ணத் தொடங்கும். 119 கி.மீ.யில் வகை 1, 178 கி.மீ.யில் வகை 3, 252 கி.மீ.யில் வகை 5. ஆஸ்திரேலியாவிலோ, புயல் என்று பெயர் வைத்த உடனேயே வகை 1 ஆகிவிடும். அதனால் அவர்களுடைய வகை 3, அமெரிக்கக் கணக்கில் கிட்டத்தட்ட வகை 1தான்.

அளக்கும் விதமும் வேறு. காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. காற்றுமானியின் கிண்ணங்கள் ஒரு நொடி வெறிபிடித்தாற்போல் சுழலும், அடுத்த நொடி தளரும். ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்குச் சராசரி எடுத்தாக வேண்டும். அமெரிக்கர்கள் 1 நிமிடத்துக்கு எடுக்கிறார்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடத்துக்கு, ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் 10 நிமிடத்துக்கு. நேரம் நீள நீள உச்சங்கள் கரைந்துவிடும். அதே காற்று 10 நிமிடச் சராசரியில் பத்து சதவீதம் போலக் குறைவாகத் தெரியும். இரண்டு நாட்டுச் செய்திகளைப் பக்கத்தில் வைத்து "இது பெரிசு, அது சிறிசு" என்று தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள்.

இந்திய அளவுகோலில் எண்களே கிடையாது. 31 கி.மீ.யில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62இல் புயல், 89இல் தீவிரப் புயல் என்று படிப்படியாக ஏறி, 222இல் சூப்பர் புயலில் முடிகிறது. எண்ணைவிடச் சொல் நல்லது என்பது என் கருத்து. 'தீவிரப் புயல்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது யார்?

பெயர்களை இந்தப் பகுதி நாடுகள் முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன. காற்று 62 கி.மீ.யைத் தொட்டதும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புதுடெல்லி மையம் வரிசையில் அடுத்த பெயரை எடுத்து அறிவிக்கும். 2004இல் இது தொடங்கியபோது எட்டு நாடுகள், 64 பெயர்கள். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர், தாய்லாந்து தந்த அம்பன், 2020 மே மாதத்தில்தான் பயன்பட்டது. அதே ஆண்டு 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 169 பெயர்களுடன் புதிய பட்டியல் வந்தது. பெயர் சுருக்கமாக, யார் மனதையும் புண்படுத்தாததாக, அரசியலோ மதமோ கலக்காததாக இருக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பெயர் இங்கே திரும்ப வராது.

அட்லாண்டிக்கில் அப்படியில்லை. அங்கே ஆறு பட்டியல்கள் சுழற்சியில் வருகின்றன. பேரழிவு செய்த பெயரை மட்டும் எடுத்துவிடுவார்கள். 2005இன் கத்ரீனா இனி வராது.

குலாப் புயல் அரபிக் கடலுக்குப் போனதும் ஷாஹீன் ஆனது. ஏன்?

நல்ல கேள்வி. 2021 செப்டம்பர் கடைசியில் குலாப் ஆந்திரக் கரையைக் கடந்தது. நிலத்தின் மேல் போகப்போக வலுவிழந்து, வெறும் தாழ்வுப் பகுதியாகச் சுருங்கிவிட்டது. கணக்குப்படி குலாபின் கதை அங்கே முடிந்தது. அந்த மிச்சம் குஜராத் பக்கம் கடலைத் தொட்டு மறுபடி வலுப்பெற்றபோது புதிய புயலாகத்தான் எண்ணினார்கள். வரிசையில் அடுத்திருந்த பெயர் ஷாஹீன், கத்தார் தந்தது. அது ஓமனைப் போய்த் தாக்கியது.

இதற்கு மாறாக, 2016இல் ஓட்டோ என்ற புயல் மத்திய அமெரிக்காவைக் கடந்து அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போனது. வழியில் புயல் என்ற நிலை கலையவில்லை, அதனால் பெயரும் மாறவில்லை.

ஹையான், யோலாண்டா இரண்டும் ஒரே புயலா?

ஆமாம், 2013இல் வந்தது. ஹையான் என்பது சர்வதேசப் பெயர். பிலிப்பைன்ஸ் தன் மக்களுக்குப் பழகிய பெயர் வேண்டும் என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, யோலாண்டா அதிலிருந்து வந்தது.

முன்பு பெண் பெயர்கள் மட்டும்தானா?

அட்லாண்டிக்கில் 1953 முதல் அப்படித்தான். 1979இல் ஆண் பெயர்களும் சேர்ந்தன. அந்த மாற்றம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

புயலாகவில்லை, தாழ்வு மண்டலம்தான் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. இந்த வகைகள் எல்லாமே காற்றை மட்டும் அளப்பவை. மழையையோ, கடல் நீர் ஊருக்குள் ஏறுவதையோ அவை சொல்வதில்லை. 2001இல் டெக்சஸை மூழ்கடித்த ஆலிசன் ஒருமுறைகூட ஹரிகேன் ஆகவில்லை, ஆனாலும் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2017இல் ஹார்வி வகை 4ஆகக் கரையேறி ஒரே நாளில் தளர்ந்தது. அப்புறம்தான் நகராமல் நின்று கொட்டியது, சில இடங்களில் 1,500 மி.மீ.க்கும் மேல். அறிக்கை வந்ததும் பெயரையும் வகையையும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எவ்வளவு மழை, கடல் எத்தனை மீட்டர் உயரும், புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்ற வரிகள் அதற்குக் கீழே இருக்கும். அவற்றையும் படியுங்கள்.