பாலியின் உலுவாட்டுக்குச் சர்ஃபிங் ஓரளவு தெரிந்தவர் போகலாமா?

பார்க்கத் தாராளமாகப் போகலாம். அலையில் இறங்குவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

உலுவாட்டு, பாலியின் தென்கோடியில் புகிட் தீபகற்பத்தில் இருக்கிறது. அலை உடைவது மணலில் இல்லை, பவளப்பாறை மேல். நீர் வற்றும் நேரத்தில், குறிப்பாக ரேஸ்டிராக் என்னும் பகுதியில், பாறை மிக அருகில் வந்துவிடும். விழுந்தால் தோல் கிழியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வருவது. சுலுபான் கடற்கரையின் குகை வழியாகத்தான் கடலுக்குள் போக வேண்டும், அதே வழியில்தான் திரும்பவும் வேண்டும். ஓதம் ஏறியிருக்கும்போது நீரோட்டம் உங்களைக் குகை வாயைத் தாண்டி பக்கத்துக் கடற்கரையான பாடாங் பாடாங் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் குகைக்கு நேராக வராமல், குன்றின் மேலிருக்கும் உலுவாட்டுக் கோயில் பக்கம் நன்றாகத் தள்ளியே கரையை நோக்கிக் கையால் துடுப்புப் போடுவார்கள். தவறவிட்டால் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல், வெளியே போய்ச் சுற்றி மறுபடி வர வேண்டும். இதற்குத் தோளில் தெம்பு இல்லையென்றால் குட்டா கடற்கரையின் மணல் அலைகளே போதும்.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். தென்கிழக்குக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைச் சீராக நிறுத்தும். கூட்டமும் அப்போதுதான்.

சர்ஃபிங் வேண்டாமா? சரி, குன்றின் விளிம்பில் இருக்கும் கடைகளில் உட்கார்ந்து பாருங்கள், அலை வரிசை முழுதும் தெரியும். அப்புறம், கோயிலில் குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பறித்துவிடும். முன்னாடியே கழற்றிப் பைக்குள் வையுங்கள்.