உங்க ரசனைக்கு ஏத்த புக்கை எப்படித் தேடுறது?

கேள்வி: எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுற நாவலை எடுத்தா எனக்கு ரெண்டு அத்தியாயத்துக்கு மேல ஓட மாட்டேங்குது. ஆனா சில புக்கை மட்டும் விடிய விடிய படிச்சு முடிச்சிருக்கேன். அந்த மாதிரி புக்கு திரும்ப எப்படிக் கிடைக்கும்?

பதில்: விடிய விடிய படிச்ச அந்தப் புக்கையெல்லாம் முதல்ல எடுத்து முன்னாடி வைங்க, அடுத்ததுக்கான வழி அதுலதான் இருக்கு. நாம பொதுவா என்ன பண்றோம், ஒரு துப்பறியும் நாவல் பிடிச்சிருந்தா உடனே இன்னொரு துப்பறியும் நாவலைத் தேடுறோம், அது சப்புன்னு இருந்தா நமக்குப் படிக்கிற ஆர்வமே போயிடுச்சோன்னு பயந்துடுறோம். ஆனா அந்த முதல் புக்குல உங்களைக் கட்டிப்போட்டது கொலைகாரன் யாருங்கிற கேள்வியாவே இல்லாம இருந்திருக்கலாம், விசாரிக்க வந்த அந்த ஆளோட தனிமையா இருந்திருக்கலாம், இல்லேன்னா மழை விடாம பெய்ற அந்தத் துறைமுக ஊரா இருந்திருக்கலாம்.

அமெரிக்காவுல நான்சி பேர்ல்னு ஒரு நூலகர், யாருக்கு எந்தப் புக்கு ஒத்துப்போகும்னு சொல்றதுல ரொம்பப் பேர் வாங்கினவங்க. ஒரு புக்குக்குள்ள நுழைய நாலு வாசல் இருக்குன்னு சொல்றாங்க: கதை, பாத்திரங்கள், களம், மொழி. அடுத்து என்ன ஆகும்னு பக்கத்தைத் தள்ளிக்கிட்டே போனீங்கன்னா நீங்க கதை வாசல் வழியா போனவங்க. புக்கை மூடி வெச்ச பிறகும் அதுல வந்த ஒரு அம்மாவையே நினைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா பாத்திர வாசல். அந்த ஊருக்கே போயிட்டு வந்த மாதிரி இருந்தா களம். ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாத்து ரசிச்சீங்கன்னா மொழி. ஊரே கொண்டாடுற நாவல் உங்களுக்கு ஓடலைன்னா பெரும்பாலும் அது வேற வாசலை அகலமாத் திறந்து வெச்சிருக்கும், அவ்வளவுதான், குறை உங்ககிட்டயும் இல்ல அந்தப் புக்குலயும் இல்ல.

அதனால பிடிச்ச ஒவ்வொரு புக்குக்கும், கதையைச் சொல்லாம, எது பிடிச்சதுன்னு மட்டும் ஒரு வரி எழுதிப் பாருங்க. பிடிக்காம பாதியில விட்டதுக்கும் எழுதுங்க, அது இன்னும் தெளிவா காட்டிக்கொடுக்கும். அப்புறம் யார்கிட்டயாவது கேக்கும்போது "நல்ல நாவல் ஏதாவது சொல்லுங்க"ன்னு கேக்காம "மெதுவா நகரணும், ஒரே குடும்பத்துக்குள்ள நடக்கணும், அதிகம் பேசாத ஆளுங்க வரணும்"னு கேட்டுப் பாருங்க, வர்ற பதிலே வேறயா இருக்கும். இன்னொண்ணு, எந்த நேரத்துல படிக்கிறீங்கன்னும் பாருங்க, வேலை முடிஞ்சு அசந்து உக்காரும்போது ஒத்துவராத புக்கு லீவு நாள்ல அப்படியே உள்ள இழுத்துக்கும்.

கேள்வி: ஆரம்பிச்ச புக்கைப் பாதியில விட்டா மனசு உறுத்துது. எவ்வளவு தூரம் பொறுக்கலாம்?

பதில்: இதுக்கும் நான்சி பேர்ல் ஒரு கணக்கு சொல்லியிருக்காங்க. 50 பக்கம் வரைக்கும் படிங்க, பிடிக்கலைன்னா விட்டுடுங்க. வயசு 50-ஐத் தாண்டிட்டா 100-லேர்ந்து உங்க வயசைக் கழிங்க, மிச்சம் வர்றது எத்தனையோ அத்தனை பக்கம் போதும், 70 வயசுக்காரருக்கு 30 பக்கம். எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. விட்ட புக்கை யாருக்காவது குடுத்துடாம வீட்லயே வைங்க, சில வருஷம் கழிச்சு எடுத்தா பிடிச்சுப்போறதும் உண்டு.

கேள்வி: ஆப்ல வர்ற சிபாரிசையும் ஸ்டாரையும் நம்பி வாங்கலாமா?

பதில்: சிபாரிசு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்கே புரிஞ்சுடும். பெரும்பாலும், உங்களுக்குப் பிடிச்சதே பிடிச்சிருந்த மத்தவங்க வேற என்ன படிச்சாங்க, எதை வாங்கினாங்கன்னு பாத்துத்தான் அது எடுத்துக் காட்டுது. நீங்க ரெண்டு மூணு புக்குக்குத்தான் மார்க் போட்டிருக்கீங்கன்னா அதுகிட்ட உங்களைப் பத்தி ஒண்ணுமே இல்ல, எல்லாரும் வாங்கினதையே உங்களுக்கும் நீட்டும். உங்களைக் கட்டிப்போட்டது எந்த வாசல்னு அதுக்குத் தெரியவே தெரியாது. இன்னொண்ணும் ஞாபகம் இருக்கட்டும், வாசகர்கள் புக்குக்கு ஸ்டார் போட்டு விமர்சனம் எழுதுற குட்ரீட்ஸ் தளம் 2007-ல ஆரம்பிச்சது, அதை 2013-ல அமேசான் வாங்கிடுச்சு, புக்கைப் பத்திப் பேசுற இடமும் புக்கு விக்கிற இடமும் ஒரே கையில இருக்கு.

நான் சராசரி ஸ்டாரைப் பாக்கவே மாட்டேன், ரெண்டு மூணு ஸ்டார் போட்டவங்க எழுதினதைத்தான் படிப்பேன், அவங்கதான் காரணம் சொல்லுவாங்க. "ரொம்ப வர்ணனை, கதையே நகரலை"ன்னு ஒருத்தர் திட்டியிருப்பாரு, களத்துக்காகப் படிக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல சிபாரிசு வேணுமா? அப்படிப் படிச்சுக்கிட்டே வந்தா உங்க ரசனையோட ஒத்துப்போற ஒருத்தர் கண்ணுல படுவாரு, அவர் எழுதுறதை விடாம பின்தொடருங்க.

கேள்வி: லைப்ரரிக்குள்ள போனா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. புக்கோட முதுகுல ஒட்டியிருக்கிற நம்பர் எதுக்கு?

பதில்: அது மெல்வில் டியூயிங்கிற அமெரிக்க நூலகர் 1876-ல கொண்டுவந்த முறை, பல நூலகங்கள்ல அதுதான். மொத்த அறிவையும் 10 பெரிய வகுப்பாப் பிரிச்சு 000-லேர்ந்து 999 வரைக்கும் எண் குடுத்தாரு. பறவைன்னா 598, சமையல்னா 641, பயணம்னா 910. கட்டுரை வகைப் புக்கு தேடுறவங்களுக்கு இது பெரிய வசதி, பிடிச்ச ஒரு புக்கோட எண்ணைப் பாத்துட்டு அதே தட்டுல இந்தப் பக்கம் பத்து அந்தப் பக்கம் பத்துன்னு புரட்டினாலே நீங்க கேள்வியே படாத ஒண்ணு சிக்கும். அந்தப் புக்கோட கடைசியில ஆசிரியர் தான் படிச்ச நூல்களோட பட்டியல் குடுத்திருந்தா அதையும் விடாதீங்க.

நாவலுக்கு இது உதவாது, ஏன்னா எண் ஒரு புக்கு எதைப் பத்தினதுன்னுதான் சொல்லும், படிக்கிறப்போ எப்படி இருக்கும்னு சொல்லாது. அதுக்கு நூலகர்கிட்டதான் கேக்கணும். தொந்தரவா நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க. நம்ம ஊர் நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினாரு, அதுல ரெண்டாவது ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், மூணாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். உங்களையும் உங்க புக்கையும் சேத்து வைக்கிறதுதான் நூலகரோட வேலையே.

கேள்வி: மொழிபெயர்ப்பு நாவல்ல எதை நம்பி எடுக்கிறது?

பதில்: அட்டையில மொழிபெயர்ப்பாளர் பேரைப் பாருங்க. ஒருத்தரோட தமிழ் உங்களுக்கு ஒத்துப்போச்சுன்னா அவர் கொண்டுவந்த மத்த புக்கையெல்லாம் வரிசையா எடுங்க, எந்த நாட்டு எழுத்தாளரா இருந்தாலும் சரி. புதுப் பேரா இருந்தா முதல் பக்கத்தைத் தாண்டி நடுவுல எங்கயாவது ஒரு உரையாடலைப் படிங்க, அங்க ஆளுங்க பேசுற மாதிரி பேசலைன்னா முழுசும் அப்படித்தான் இருக்கும்.