குழந்தை இருக்கும் வீட்டில் அரளியும் அல்லித் தொட்டியும்

ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, வாசலோரம் அரளி வரிசையும் நடுவில் அல்லித் தொட்டியும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அரளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பூ, இலை, தண்டு, பால் எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே பாதிக்கும். ஏற்கெனவே நட்டிருந்தால் கையுறை போட்டு வேரோடு எடுங்கள், வெட்டியதை எரிக்க வேண்டாம், அந்தப் புகையும் ஆகாது. அந்த இடத்துக்குச் செம்பருத்தி போதும், வேலி மாதிரி அடர்ந்து வரும், மருந்து அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை இதழைப் பிய்த்து வாயில் வைத்தாலும் பதற வேண்டியதில்லை.

தொட்டிதான் எனக்கு இன்னும் பயம். ஆழமே வேண்டாம், 5 சென்டிமீட்டர் தண்ணீரில் குப்புற விழுந்தாலே ஆபத்து, சத்தமும் கேட்காது. கம்பி வலை போடுவதென்றால் குழந்தை ஏறி நின்றாலும் தொய்யாத அளவுக்கு இறுக்கமாக, தண்ணீருக்கு மேலே பொருத்த வேண்டும். நான் முதலில் வெறும் கொசுவலையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன், ஒருநாள் பூனை ஏறியதும் அப்படியே உள்ளே போய்விட்டது. (பூனை பிழைத்தது.) என்னைக் கேட்டால், பிள்ளை கொஞ்சம் வளரும்வரை தொட்டியின் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பிப் புதினா வைத்துவிடுங்கள்.

அப்புறம், நடைபாதைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், ஈரம் பட்டால் பெரியவர்களே வழுக்கி விழுவார்கள்.